அத்தானிடம் சொல்லாதது

மார்ச் 3
இன்றும் கதவுகள் வேறு யார் வீட்டிலோ போய் இறங்கியிருக்கின்றன. நான் நடத்தும் எங்கள் கதவுத் தொழிற்சாலையில் டெலிவரி முழுக்க அத்தான் பொறுப்பு; அக்காவின் கணவர். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அத்தானோடு டீ குடித்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 5
வெளியிலிருந்து ஓர் அம்மாவை வரவழைக்கிறேன். நிர்வாகிகளை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைப்பது அவர் தொழில். அவரே அத்தானிடம் சொல்லிவிடுவார். அப்பாடா.

மார்ச் 10
அத்தானுக்குத் தெரியாமல் கூட்டம். கணக்காளர், பட்டறை மேலாளர், விற்பனை மேலாளர், நான். அந்த அம்மா ஆளுக்கொரு காகிதம் நீட்டினார்.
"உங்க வேலை போக வேற யார் வேலையை இழுத்துப் போட்டுச் செய்றீங்க? எழுதுங்க."
நான்கு காகிதத்திலும் அத்தான் பெயர்.
"இதை அவர்கிட்ட யார் சொன்னீங்க?"
ஆளாளுக்குக் காகிதத்தை மடித்தோம்.
"மேடம், நீங்களே சொல்லிடுங்களேன்" என்றேன்.
"நான் சொன்னா என்னைத் திட்டிட்டுப் போயிடுவார். நீங்க நல்லவராவே இருந்துடுவீங்க. எப்படிச் சொல்றதுன்னு பழகிப் பாக்கலாம். ஆனா சொல்லப்போறது நீங்கதான்."
பட்டறை மேலாளர் அத்தானாக நடித்தார். மூன்று தடவையும் "அக்கா எப்படி இருக்கா?" என்றே ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். அந்த அம்மா பக்கத்தில் இருந்தார், வாயே திறக்கவில்லை. தேதியோடு ஐந்து தவறுகளைச் சொன்னேன். அத்தான் கத்தவில்லை.
"எவ்ளோ நாளா தெரியும், மாப்ள?"
"ரெண்டு வருஷமா."
"எல்லாருக்குமா?"
தலையாட்டினேன்.
"எந்தக் கதவு எந்த வீட்டுக்குன்னு வர்ற அந்த கம்ப்யூட்டர் பட்டியலே எனக்குப் புரியல. கேட்டா சிரிப்பீங்கன்னு பேசாம இருந்தேன். நீங்க என்னடான்னா..."

சே, நான் என்ன மனுஷன்? மரியாதை மரியாதைன்னு சொல்லிக்கிட்டு அவரை முட்டாளாக்கி வெச்சிருந்தேனே — பயம்தானே அது?

மார்ச் 15
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 17
இம்முறை அத்தானும் சேர்ந்து ஐவர். அத்தானுக்கு மூன்று மாத அவகாசம். தினமும் அரைமணி நேரம் கணக்காளர் அந்தப் பட்டியலைக் கற்றுத்தருவார். சரிப்படாவிட்டால் பொறுப்பை விட்டுவிடுவதாக அத்தானே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 28
அந்த அம்மா இல்லாமல் முதல் கூட்டம். இந்த மாதம் ஒரு கதவும் வீடு மாறிப் போகவில்லை; இரண்டே லாரிகள்தான் தாமதம். சொன்னது அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.
"ரெண்டும் கையெழுத்துக்காக உன் மேஜையில கெடந்த ஆர்டர், மாப்ள. இவங்களுக்கும் தெரியும். சொல்ல பயப்படறாங்க."
கணக்காளர் மெல்லத் தலையாட்டினார்.
எந்தெந்தத் தேதி என்று கணக்காளரிடமே கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.