தலைவர் முகம் போட்ட துணி

பாப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. கீழே கிடத்தினால் அலறுகிறாள். என் வீட்டுக்காரர் ஆவடி ஃபேக்டரிக்கு முதல் ஷிப்ட் போயிருந்தார். மெத்தென்று ஏதாவது கிடைக்குமா என்று இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு, நீ கானாவிலிருந்து கொண்டுவந்த துணி கைக்கு வந்தது. பச்சைப் பூக்களுக்கு நடுவே உங்கள் நாட்டின் முதல் தலைவர், அதே சிரிப்போடு.

வேலப்பன்சாவடிக் கல்லூரியில் என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தவள் நீ. காட்டுப்பாக்கத்தில் அறை எடுத்து, மளிகைக்கடையில் நின்றே தமிழ் பிடித்தவள். எனக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம் இந்தத் துணியோடு வந்தாய். "கொயந்த பொறந்தா முதுகுல வெச்சு இதால கட்டிக்கோ."

அம்மா பதறிவிட்டாள். "இன்னாடி இது! தலைவர் மூஞ்சிலயா புள்ளைய குந்த வெப்பே? எங்க ஊர்ல மாலை போட்டு மாட்டுவாங்க."

"எங்க நாடே அவரு முதுகுலதாம்மா ஏறிச்சு," என்றாய். "அப்பால அவரு எங்க முதுகுல ஏறிக்கினாரு."

சிரித்தோம். பிறகுதான் சொன்னாய். விசாரணையில்லாமல் உன் அப்பாவைச் சிறையில் போட்டது அவர் ஆட்சி. நீ படித்த பள்ளியைக் கட்டியதும் அதே ஆட்சி. ராணுவம் அவரைத் துரத்தியபோது தெருவே இந்த மாதிரித் துணிகளைக் கொளுத்தியதாம். உன் அம்மா மட்டும் இதைத் தரவில்லை. "'அவரு மூஞ்சிய எரிக்கலாம், எம்பொண்ணு தூங்கின துணிய எப்பிடி எரிப்பேன்'னுச்சு."

"அப்படியென்றால் அவர் நல்லவரா, கெட்டவரா?" பரீட்சைக் கேள்வி மாதிரிக் கேட்டேன்.

"துணி கெட்டி," என்றாய்.

கட்டிக் காட்ட என்னைக் குனியச் சொன்னாய். வெட்கப்பட்டு மறுத்தேன். "முடிச்சே கெடையாது. சுத்தி நெஞ்சுல செருகணும். கொயந்த வெயிட்டே இறுக்கிக்கும்," என்று வாயால் சொன்னதோடு சரி.

போன வருஷம் கானாவிலிருந்து உன் தம்பி எழுதினான். பிரசவத்துக்குப் பின் உனக்குக் காய்ச்சல், நான்கே நாளில் போய்விட்டாய். உன் குழந்தை பிழைத்ததா என்று எழுதவில்லை. நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

இன்று கட்டிப் பார்த்தேன். செருகல் நழுவியது, பாப்பா சரிந்தாள், எப்படியோ பிடித்துவிட்டேன். மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் நழுவியது. கடைசியில் இரு முனைகளையும் கையில் இறுக்கிக்கொண்டு, சமையலறைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்து நின்றேன். தூங்கிவிட்டாள். அவள் சூடு என் முதுகில். தலைவர் அவள் முதுகில்.

எங்கே பிசகினேன் என்று கேட்க நீ இல்லை. ஷிப்ட் முடிந்து அவர் வரும்வரை நிமிரவே இல்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லை. இதை எழுதும்போதும் உள்ளங்கைகளில் உன் துணியின் மடிப்பு பதிந்து கிடக்கிறது.