தட்டு 411: நொச்சிலி

நாள் 212 | 09:10
நிலவின் தென்முனைக் காப்பகம். பதிவு: வேதமுத்து, கல்வெட்டு வாசிப்பாளர். தனி ஆள். பூமியின் வரலாற்று ஆவணங்களை நிக்கல் தட்டுகளில் பொறிக்கும் வேலை. இன்று 38 தட்டுகள். உள்வெப்பம் 19 பாகை. குறை ஏதுமில்லை.

நாள் 214 | 11:40
தட்டு 411-இல் பிழை. கல்வெட்டில் உள்ளது: "ஏரி உடைந்த நாளில் நொச்சிலி உடைப்பில் இறங்கி அடைத்துப் பட்டாள்." தட்டில் ஏறியது: "ஏரி உடைந்த நாளில் நொச்சி இலை உடைப்பில் இட்டு அடைக்கப்பட்டது."
திருத்தும் நிரலுக்கு அப்படியொரு பெயர் தெரியாது. தெரியாததை எழுத்துப்பிழை என்று எண்ணித் தானே சரிசெய்கிறது. 'பட்டாள்' என்றால் செத்தாள். உயிரைக் கொடுத்த பெண்ணை இலையாக்கிவிட்டது.

நாள் 215 | 10:05
பூமியிலிருக்கும் திட்டத் தலைவர் சுலைகா அக்காவிடம் முறையிட்டேன். பதில்:
"வேதமுத்து, எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா விதி அது. ஒரு பேரு மூணு ஆவணத்துலயாவது வரணும். இல்லேன்னா நிரல் ஒத்துக்காது. இன்னும் ரெண்டு தேடிக் குடு."
ரெண்டுதானாம். இங்கே இருப்பது ஒன்பது கோடிப் பக்கங்கள்.

நாள் 221 | 16:30
ஒன்று கிடைத்தது. 1842-ஆம் ஆண்டு மனு: "நொச்சிலி மடைக்குக் கீழுள்ள குடிகள் எழுதிக்கொண்டது." நிரலின் தீர்ப்பு: இடப்பெயர், ஆள் பெயர் அல்ல. அந்த மடைக்கு யாருடைய பெயரை வைத்தார்கள் என்று கேட்கத் தெரியாத கழுதை. மேசையைக் குத்தினேன். இப்போது கைதான் வலிக்கிறது.

நாள் 226 | 13:15
இன்னொன்று! 1931, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: "நொச்சிலி, வயது ஆறு." எத்தனையோ தலைமுறை கழித்து யாரோ தங்கள் மகளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் சிவப்பு மைக் கோடு, பக்கத்தில் "லட்சுமி". வாத்தியாரின் வாய்க்கு நுழையவில்லை போலும். தீர்ப்பு: அடிக்கப்பட்ட சொல் செல்லாது.
கத்தினேன். கேட்கத்தான் ஆளில்லை.

நாள் 229 | 08:20
விண்கல் துகள்கள் சூரியத் தகடுகளைக் கிழித்துவிட்டன. மின்கலம் 31%. தட்டுகள் உள்ள பெட்டக அறை, மின்சாரத்தைச் சேமிக்க, 14:00 மணிக்குத் தானே மூடிக்கொள்ளும். பிறகு என்னால் திறக்க முடியாது. சுலைகா அக்கா:
"மீட்புக் கலம் கிளம்பிருச்சு, நாப்பது மணி நேரத்துல வந்துரும். இருக்கிற கரண்ட ஹீட்டருக்கு மட்டும் வச்சுக்க. வேற எதையும் தொடாத. அந்தப் பேர விட்டுருப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."
எப்படி விடுவது?

12:50
குரல் பதிவு. பெட்டகத்துக்குள் இருக்கிறேன். பொறிப்பு இயந்திரம் செத்துவிட்டது. கையில் சிறு துளைக்கருவி. அது குடிப்பது ஹீட்டரின் மின்சாரம். தட்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடமிருக்கிறது. எழுதப்போவது: "இலை அல்ல. நொச்சிலி. பெண்."

14:06
"இலை அல்ல" வரை பொறித்தேன். முனை ஒடிந்தது. மாற்று முனையைப் பொருத்துவதற்குள் கதவு நகரத் தொடங்கியது. வெளியே பாய்ந்துவிட்டேன்.
மடையன் நான். பெயரையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? ஆத்திரத்தில் பிழையை மறுக்கப் போனேன். அவள் என்னவாக இல்லை என்பது மட்டும் இப்போது உலோகத்தில் இருக்கிறது.

நாள் 230 | 07:15
குரல் பதிவு. மின்கலம் 1%. உள்ளே உறைநிலைக்குக் கீழே 22. விரல்கள் மடங்கவில்லை. கலம் வர இன்னும் பதினேழு மணி நேரம்.
கண்டெடுப்பவருக்கு. தட்டு 411-இன் ஓரத்தைப் பாருங்கள். அவள் பெண். ஊரைக் காக்க உடைப்பில் இறங்கிச் செத்தாள். நிரல் இந்தக் குறிப்பேட்டிலும் கைவைக்கலாம். அதனால் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். திருத்தாதீர்கள்.
நொ
ச்
சி