கலங்கிய வலது ஓரம்

24 செப்டெம்பர் 2025, புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று அம்மா என்னைச் சொல்வது சரிதான்.

வர்த்தகர் சங்கத்தின் புது மண்டபத்துச் சுவருக்கு ஒரு பெரிய குழுப்படம் வேண்டுமாம். இறங்குதுறையில் எல்லாரும் நிற்க, பன்னிரண்டு அடி அகலத்தில். சங்கத் தலைவர் ஞானசேகரம் ஐயா இரண்டு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டிருந்தார், தனஞ்சயன் அண்ணையையும் என்னையும். ஒக்டோபர் 11, ஒரே காலையில் இரண்டு பேரும் எடுக்க வேண்டும், நல்லது சுவருக்குப் போகும். தனஞ்சயன் அண்ணை என் பழைய முதலாளி. கண்டதும் கேட்டார், "தர்சிகா, உம்மட பெட்டிக் கமராவுக்கு இனி பிலிம் றோல் எங்க தேடப்போறீர்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"இந்த வேலை எனக்குக் கிடைக்காட்டி, தைப்பொங்கலுக்கு முதல் ஸ்டூடியோவைப் பூட்டிப்போட்டு உங்களிட்ட வந்து அல்பம் ஒட்டுறன்!"

"கேட்டனீங்களே எல்லாரும்?" என்றார் அவர்.

கேட்டார்கள். சங்கம் முழுக்கக் கேட்டது. இனி என்ன செய்ய?

27 செப்டெம்பர், சனி

றோலே தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாது, ஹி ஹி.

ஒஸ்லோவில் இருக்கும் சின்னமாமா தந்த கமரா அது. றோல் போடும் பெட்டி பின்பக்கத்தால் தனியாகக் கழன்று வரும். அந்த இடத்தில் டிஜிட்டல் பின்பெட்டி ஒன்றைப் பூட்டினால் பழைய லென்சும் வேலை செய்யும், படமும் நேரே கணினிக்கு வரும். பின்பெட்டி சிங்கப்பூரில் யாரோ கழித்துவிட்டது. ஒரே கரைச்சல், அது வேறு கொம்பனி, இது வேறு கொம்பனி. ஒன்றோடு மற்றது பொருந்தாது. இடையில் ஒரு தட்டு வேண்டும்.

தட்டைச் செய்தவர் ஹஸ்மி நானா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பின்னால் லேத் மெசின். அலுமினியத்தை வெட்டுகிறார், தேய்க்கிறார், அளக்கிறார், திரும்பத் தேய்க்கிறார். "போதும் நானா" என்றால், "நூலளவு சரிஞ்சாலும் படம் ஒரு பக்கம் கலங்கும் புள்ள" என்கிறார். இன்று டக்கென்று பொருந்தியது. முதல் படம் நானாவின் மூக்கு. இவ்வளவு தெளிவாக ஒரு மூக்கை நான் கண்டதேயில்லை. பெரிதாக அச்சடித்து அவருடைய கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஓடி வந்தேன்.

28 செப்டெம்பர்

பின்பெட்டி நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும், ஓரங்களை விட்டுவிடும். கமராவின் மேல்பக்கத்தில், குனிந்து பார்க்கிற கண்ணாடியில் பென்சிலால் கட்டம் கீறி வைத்தேன். கட்டத்துக்கு வெளியே நிற்பவர் படத்தில் வரமாட்டார், ஆனால் வருவதாக நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். தனஞ்சயன் அண்ணையை அங்கே நிறுத்த ஆசையாக இருக்கிறது.

1 ஒக்டோபர்

சரசுவதி பூசை. புத்தகம், கமரா, பின்பெட்டி எல்லாம் சாமிக்கு முன்னால். அவலும் கடலையும் எனக்கு முன்னால். நாளைக் காலை வரை கமராவைத் தொடக்கூடாது. கை துடிக்கிறது.

4 ஒக்டோபர், சனி

இறங்குதுறையில் பரீட்சித்துப் பார்த்தேன். இடது பக்கத்துத் தோணியில் கயிற்றின் புரியை எண்ணலாம். வலது பக்கத்துத் தோணி ஒரே கஞ்சி. ஐந்து தடவை எடுத்தேன், ஐந்தும் அப்படியே. இன்னும் ஒரு கிழமைதான் இருக்கு!

நேரே நானாவின் கடைக்குப் போனேன். உள்ளே நாலு பேர் போனும் கையுமாக நின்றார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

"நூலளவு, நூலளவு எண்டு கதைச்சீங்களே நானா, இதென்ன? உங்கட தட்டு கோணல்! உங்களை நம்பினன் பாருங்கோ, எனக்கு நல்லா வேணும்!"

அவர் படத்தைப் பார்த்தார். கமராவை வாங்கி மேசையில் வைத்தார். "பாப்பம்" என்றார், அவ்வளவுதான். நாலு பேரில் ஒருவன் சிரித்தான்.

கொஞ்சம் கூடிப்போச்சோ? ஆனால் நான் என்ன செய்ய, போகப்போறது என்ர ஸ்டூடியோ.

8 ஒக்டோபர், புதன்

நானா கமராவைக் கொண்டுவந்து தந்தார். "இனிச் சரி. மூண்டு நாள் எடுத்திட்டுது, குறை நினைக்காதீங்க." பிளேன்டீ வேண்டாமாம். எப்போதும் இரண்டு குடிக்கிற மனிசன்.

அவர் போன பிறகு பின்பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினேன். கமராவின் பின் விளிம்பில், ஒரு பக்கத்தில் — சந்தனப் பொட்டு. காய்ந்து கல்லாக.

ஐயோ, நான்தான்! பூசையன்று, வெளியே வைத்தால் கமராவின் மேல்தோல் பழுதாகும், நானாவும் பகிடி பண்ணுவார் என்று, ஒருவருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு பொட்டு வைத்தேனே. தாராளமாகவே வைத்திருக்கிறேன். அதுதான் தட்டைத் தூக்கிச் சரித்திருக்கிறது. தட்டில் ஒரு பிழையும் இல்லை. நாலு பேருக்கு முன்னால் அந்த மனிசனை —

துடைத்துவிட்டேன். தான் எதையோ திருத்தியதாக நானா நினைத்துக்கொண்டு இருக்கட்டும். சனிக்கிழமை முடிந்த பிறகு சொல்லலாம். சொல்லுவேனா? மாட்டேன் போலத்தான் இருக்கு.

9 ஒக்டோபர், வியாழன்

இன்றும் வலது பக்கம் கலங்கல்!

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், துள்ளிக் குதித்தேன். பொட்டும் இல்லை, ஆனாலும் கலங்குகிறது. அப்படியென்றால் பிழை தட்டில்தான், என்னில் இல்லை! சைக்கிளை உழக்கிய உழக்கில் மூச்சு வாங்க, கடை வாசலிலேயே தொடங்கினேன்.

"நானா, பொட்டைக்கூடத் துடைச்சாச்சு, இன்னும் கலங்குது. இப்ப என்ன சொல்லுறீங்க?"

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "பொட்டை ஏன் புள்ள துடைச்சீங்க?"

"அது... உங்களுக்குத் தெரியுமா?"

"கழட்டின உடனே கண்டன். தட்டை அளந்து பாத்தன், நேராத்தான் இருந்திச்சு. பொட்டுத்தான் தூக்குது."

"அப்ப அதைத் துடைச்சிருக்கலாமே!"

"நீங்க பூசையில வச்சது. அதுல நான் எப்பிடிக் கை வைக்கிற? அதான் பொட்டு இருக்கத்தக்கதா, தட்டை அந்தப் பக்கம் தேய்ச்சுக் குறைச்சன்."

நேராக இருந்த தட்டு. நான் கோணல் என்று கத்திய தட்டு. அதை, என்னுடைய பொட்டுக்காக, மூன்று நாள் இருந்து உண்மையிலேயே கோணலாக்கியிருக்கிறார்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"அண்டைக்கு நீங்க கதைக்க விட்டீங்களா?"

அழுதுவிட்டேன். அன்று சிரித்தவன் இன்றும் கடையில் நின்றான். அவனைக் கூப்பிட்டு, "பிழை என்னில, நானாவில இல்லை, விளங்குதா?" என்றேன். அவன் பயந்துபோய், தன்னுடைய போன் எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.

10 ஒக்டோபர், வெள்ளி

புதுத் தட்டு வெட்ட நேரமில்லை. ஜும்மா முடிந்து நானா அளக்கிற கருவியோடு வந்தார். "திரும்ப வையுங்க, பழைய உயரத்துக்கு. குறிச்சு வச்சிருக்கிறன்."

நான் சந்தனம் குழைத்து வைக்க, அவர் அளந்தார். கூடிப்போச்சு. காணாது. திரும்பக் கூடிப்போச்சு. ஏழாவது பொட்டு சரிவந்தது. சந்தனப் பொட்டுக்கு மில்லிமீற்றர் கணக்குப் பார்த்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. இன்று மூன்று பிளேன்டீ குடித்தார்.

11 ஒக்டோபர், சனி

காலை ஏழு மணி, இறங்குதுறை. நாற்பத்திரண்டு பேர், வேட்டியும் கோட்டும் தொப்பியுமாக. தனஞ்சயன் அண்ணையின் ட்ரோன் தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றியது. "மேல பாக்காதேங்கோ, இயற்கையா நில்லுங்கோ!" என்று அவர் கீழே நின்று கத்தினார்.

பிறகு என் முறை. வரிசையின் வலது ஓரத்தில் நானாவை நிறுத்தி, அவருடைய இமையில் கூர்மை பார்த்தேன். இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அளவு பார்த்தாயிற்றென்று அவர் விலகப் போனார்.

"அசையாதேங்கோ!" என்று ஒரு கத்துக் கத்தினேன். நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து விறைத்துப் போனார்கள். அழுத்திவிட்டேன்.

26 ஒக்டோபர்

முடிவு சொன்னார்கள். ட்ரோன் படத்தில் கடல் அழகு, தோணிகள் அழகு. மனிதர் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு உச்சந்தலை, அதில் அரைவாசி வெயிலுக்கு மினுங்குகிறது. சங்கத்தில் ஒருவரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. எல்லாரும் என் படத்துக்குக் கை காட்டினார்கள்.

"அல்பம் ஒட்ட வேற ஆள் பாக்கிறன்" என்றார் தனஞ்சயன் அண்ணை. நான் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

மண்டபம் திறந்தார்கள். ஞானசேகரம் ஐயா பெயர்ப் பட்டியலும் கையுமாக, பன்னிரண்டு அடியையும் இடமிருந்து வலமாக விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். கடைசி ஆளில் விரல் நின்றது.

"நாப்பத்திமூண்டு வருது. இவர் ஆர் பிள்ளை? எங்கட ஆளில்லையே?"

"இந்தப் படத்தை எடுத்தவர் ஐயா."

"எடுத்தவர் எப்பிடிப் படத்துக்குள்ள நிப்பார்?"

"நிக்கிறார்தானே."

ஐயா என்னை ஒருக்காப் பார்த்தார், படத்தை ஒருக்காப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து பெயர் கேட்டார். சொன்னேன். பட்டியலின் அடியில் எழுதிக்கொண்டார்.