விதை பிடிக்காத கரும்பு

கோயமுத்தூர்
12-3-1959

அன்புள்ள அம்மாவுக்கு, கனகம் பாதம் தொட்டு எழுதிக்கொண்டது.

உடுமலையில் நீங்களும் நைனாவும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். கவுண்டர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்ட அன்றே என்னைத் தலைமுழுகிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போடுங்கள். ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இவருக்குக் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. கரும்பையும் சோளத்தையும் கலந்து புதுப் பயிர் எடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் என்ன பேச்சுப் பேசினார்! கரும்பும் சோளமும் ஒரே புல் குடும்பம், தமிழும் தெலுங்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், நாம் எந்த விதத்தில் அந்நியம் என்றார். மடச்சி, மயங்கிப்போனேன்.

ஆறு வருஷமாக வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. "வேத்து மண்ணுல நம்ம வெதை புடிக்குமா கண்ணு" என்று அத்தை என் காது கேட்கவே மகனிடம் சொல்கிறார். டாக்டரம்மாவிடம் போனேன். எனக்கு ஒரு குறையும் இல்லையாம், வீட்டுக்காரரைக் கூட்டி வரச் சொன்னார். இவரோ தாண்டிக் குதிக்கிறார். தினமும் பூவைப் பிரித்து மகரந்தம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிற மனுஷன், தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்கிறார்!

போன வாரம் சாப்பிடும்போது, அந்தக் கலப்புக் கரும்பு தளதளவென்று வளர்ந்தும் விதை பிடிக்கவில்லை என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன இருந்தாலும் தூரத்துச் சொந்தம்ங்கம்மா, கிட்டத்துச் சொந்தமா இருந்தாப் புடிச்சிருக்கும்" என்றார். கரும்பைத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே வெள்ளகோவிலிலிருந்து அத்தையின் தம்பி மகள் பாவாத்தாளை, எனக்குக் கூடமாட ஒத்தாசைக்கென்று கூட்டி வந்துவிட்டார்கள். இவருக்கு முறைப்பெண். பாவம், நல்ல பெண், என்னை அக்கா என்கிறாள். நேற்று அவளுக்குப் பட்டுச்சேலை எடுத்திருக்கிறார்கள். சித்திரையில் கோயிலில் வைத்துத் தாலியாம், பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் சொன்னாள். இவரிடமே கேட்டேன். "ஊடுன்னா ஒரு கொழந்தை வேணுமில்ல அம்மணி, நீயும் இங்கயே இருந்துக்க" என்றார். தாராள மனசு!

அம்மா, இங்கேயும் என்னைச் சேர்க்கவில்லை, அங்கேயும் நீக்கிவிட்டீர்கள். நான் யாரோடு சேர்ந்தவள்? தண்ணீர் சேந்தப் போனால் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கே பயமாக இருக்கிறது.

நைனா இரங்கமாட்டார், தெரியும். முன்வாசல் வேண்டாம், கொட்டகைப் பக்கம் வந்து படுத்துக்கொள்கிறேன். நீளமாக எழுத வேண்டாம். நம் தெலுங்கில் கூப்பிடுகிறபடி "ரா" என்று ஒரு கார்டில் போடுங்கள் அம்மா. அன்றைக்கே புறப்பட்டுவிடுவேன். சித்திரைக்குள் போடுங்கள்.

உங்கள் வயிற்றில் பிறந்த,
கனகம்