ஓவியரின் மகன்

அன்புள்ள சுகன்யாவுக்கு,

நான் நலம். உன் கால்வீக்கம் இறங்கியதா? ராசிபுரத்தில் மழை உண்டா? அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அபுதாபியில் நான் தரை துடைக்கும் அருங்காட்சியகத்துக்குப் பழைய ஓவியம் ஒன்று வந்திருக்கிறது. ஒரு சின்னப் பையன் மேசையில் கையூன்றி உட்கார்ந்திருக்கிறான். நேற்றுக் காலை வேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்றுவிட்டேன். காவலுக்கு இருக்கும் தம்மம்பட்டி காளிதாஸ் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"வரைஞ்சவரோட சொந்த மகனாம்பா. முந்நூறு வருஷத்துக்கு முந்தி வரைஞ்சதாம். உனக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பையன் இருக்கறானுங்ணா. ஆறு வயசு" என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. மிதுன் போய் இரண்டு வருடமாகிறது என்று பிறகும் நான் திருத்திச் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டது காதில் விழாமல் நின்றதால் என்னை வேறு கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் இதே வேலைதான், கவலைப்படாதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மாதையன் திரும்பும்போது கொள்ளுப்பொடியும் முட்டிக்குத் தைலமும் கொடுத்துவிடு. இன்னொன்றும் வேண்டும், போனில் கேட்க வாய் வரவில்லை. பீரோவில் நீ பூட்டிவைத்த அவன் போட்டோக்களில் ஒன்றைக் கொடுத்தனுப்பு. என் போனில் இருந்ததை எல்லாம் அவன் நம்மை விட்டுப் போன அந்த வாரமே அழித்துவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. கண்ணை மூடினால் அந்த ஓவியத்துப் பையனின் முகம் முழுசாக வருகிறது. நம் பையனின் முகம் வரமாட்டேன் என்கிறது, சுகன்யா.

மாதையனுக்கு வண்டி வந்துவிட்டது. நிறுத்துகிறேன்.

உன்
முருகானந்தம்