பக்கத்து நாற்காலி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் நம் பெண்ணும் உங்கள் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. தங்கை எடுத்துவந்த வீடியோவில்தான் கண்குளிரப் பார்த்தாயிற்றே. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ரயிலை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மூன்றே நாள் உங்கள் ஊரில் இருந்துவிட்டு வந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கோட்டைச் சுவராம், ஆற்றுப் பாலம் நெடுக விளக்காம், அந்தக் காலத்து வாத்தியங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம், ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் கதை சொன்னீர்களாம். இருட்டினால்தான் அந்த ஊருக்கு உயிரே வருகிறதாம். மாமா கூட இருந்தா பொழுது போறதே தெரியலக்கா, என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவள்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். படுகிறேன்.

நான் வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் என்ன சொன்னீர்கள்? இங்க என்ன இருக்கு, பழைய கல்லும் ஈரமும்தான், உனக்குப் போரடிக்கும், என்றீர்கள். ஓட்டல் அடுப்படியில் வேலை முடிந்ததும் நேரே அறைக்குப் போய்ப் படுத்துவிடுவதாகச் சொன்னீர்கள். ஐயோ பாவம் என் மனுஷன் என்று நானும் இங்கே உருகிக்கொண்டிருந்தேன்.

படுக்கிற இடத்தைத்தான் வீடியோவில் பார்த்தேனே. சந்துக்குள் படி இறங்கிப் போகிற பாட்டுக்கூடம். நீங்கள் நுழைந்ததும் மேளக்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு, உப்பு, உப்பு, என்று கூப்பிடுகிறார். சமையல்காரர் என்பதால் அங்கே உங்களுக்கு அதுதான் பெயராம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதைத் தங்கை சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே தலைவலி என்பீர்கள். அங்கே மேளத்தை ஒட்டி உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறீர்கள். அந்தச் சிரிப்பு நம் கல்யாணப் போட்டோவில்கூட இல்லை, எடுத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் அம்மா வேறு பக்கத்தில் உட்கார்ந்து, என் பிள்ளை இளைச்சுப் போயிட்டானே, என்று மூக்கைச் சிந்துகிறார். சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

தங்கைக்குச் சால்வை வாங்கிக் கொடுத்தீர்களாமே. நன்றாக இருக்கிறது. எனக்குக் கொடுத்தனுப்பிய சோப்பும் வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் விழுங்கிவிட்டேன். ஒன்று மட்டும் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. தங்கை வீட்டுக்காரர் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறார். நீங்கள் சட்டென்று கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு, சகலை, அங்க வேணாம், இந்தப் பக்கம் வாங்க, என்கிறீர்கள். சுவரோரம் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் அந்த நாற்காலியைக் கேட்கவில்லை. பரிமாறுகிற பெண் வந்து, யாரும் சொல்லாமலே அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறாள். கடைசிப் பாட்டு வரைக்கும் அது காலி. நாளெல்லாம் கடையில் ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவள் நான், இது என் கண்ணுக்குத் தப்புமா?

யாருக்கு மாமா என்று தங்கை கேட்டாளாம். நீங்கள் சிரித்துவிட்டுப் பாடுகிறவர் பக்கம் திரும்பிக்கொண்டீர்களாம். உனக்காகத்தான் வச்சிருப்பாருக்கா, என்று எனக்கு அவள் சமாதானம் வேறு சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு என்றால் வா என்று ஒரு வார்த்தை ஏன் வாயில் வரவில்லை? வேறு எவளுக்கோ என்றால் அன்றைக்கு அவள் ஏன் வரவில்லை, மச்சினி வந்திருக்கிறாள் என்று நீங்களே வேண்டாம் என்றீர்களா? இப்படி மாற்றி மாற்றி நினைத்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். கடையில் நேற்று ஒருவருக்கு வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாலு நாள் லீவு எடுத்துக்கோம்மா, என்று அவராகவே சொல்லிவிட்டார்.

எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். பெண்ணைத் தங்கை பார்த்துக்கொள்வாள். ஊர் சுற்றிவிட்டு வந்தவள்தானே, அதையாவது செய்யட்டும். உங்கள் அம்மா, போயிட்டு வா, அவனையும் கொஞ்சம் கவனிச்சுட்டு வா, என்கிறார். கவனிக்கத்தான் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஈரத்தில் கோட்டைக் கழற்றி நாற்காலிக்குப் போர்த்தினால் சளிதான் பிடிக்கும். நான் வந்து சேர்கிறவரைக்கும் மட்டும் போர்த்தி வையுங்கள். யாருக்காக வைத்திருந்தீர்கள் என்பதை அதில் உட்கார்ந்துகொண்டே கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கல்லையும் ஈரத்தையும் பார்க்க வரும்,
உங்கள் வீட்டுக்காரி