டிராக்டரைத் திருடியது நான்தான்

என்னங்க,

டிராக்டரைக் காணோம் என்று ஊரைக் கூட்ட வேண்டாம். திருடியது நான்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் திருடு போனதிலிருந்து பதினோரு நாளாகக் கொட்டகையில் கட்டில் போட்டுக் காவல். கேட்டால், "சாவி என் இடுப்புல இருக்கு, எமனே வந்தாலும் வண்டி நகராது" என்று பேச்சு வேறு. எதிர்வீட்டுத் தம்பியின் வண்டியும் அதே கம்பெனிதானே? அவர் சாவியை வாங்கிப் போட்டேன், கிளம்பிவிட்டது. உலகத்து டிராக்டரில் பாதியை அந்த ஒரு சாவியிலேயே ஓட்டிவிடலாம் போல.

காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிற காவல்காரரை இப்போதுதான் பார்க்கிறேன். வண்டி கிளம்பியதும் நூறு யானை பிளிறியது மாதிரி சத்தம். நீங்கள் புரண்டு படுத்தீர்கள். வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்து இந்தச் சீட்டை உங்கள் சட்டையில் குத்துகிறேன், இன்னும் குறட்டைதான். ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமாக ஒரு காரியம் செய்ததில்லை.

வண்டி வேண்டுமென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மறைவாக ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அதைத் தட்டாமல் எந்தச் சாவிக்கும் அது கிளம்பக் கூடாது. அப்புறம், இன்றிலிருந்து படுக்கை வீட்டுக்குள்தான். இந்த இருமலோடு பனியில் கிடந்தால் நான் பறிகொடுக்கப்போவது டிராக்டரை இல்லை.

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. மிச்சம் வைக்காதீர்கள்.

சொல்ல மறந்தேன்: எனக்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. வண்டி உங்கள் தங்கை வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவள் இன்னும் ஜன்னல் வழியாகத் திட்டிக்கொண்டிருப்பாள். நான் அங்கேதான் போகிறேன். சாப்பிட்டதும் சீக்கிரம் வாங்க.